தார் பாலைவனத்தில் நடக்க எந்த மாதம்? தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து முதல்முறை கிளம்புகிறவர்களுக்கு

"பரீட்சை ஏப்ரல்ல முடிஞ்சிடும்ணா. மே மாசம் தார் பாலைவனம் போய் ஒரு வாரம் நடந்துட்டு வரலாமா?" பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துத் தம்பிகள் கேட்கும் கேள்வி இது. கொஞ்சம் தயங்கினால் கையோடு ஒரு சமாதானமும் வரும்: அக்னி நட்சத்திரத்தில் மாந்தோப்பில் காய் பறித்தவர்கள் நாங்கள், அந்த வெயில் எங்களை என்ன செய்துவிடும்?

நிறையச் செய்யும். ராஜஸ்தானில், தார் பாலைவனத்து நகரமான ஜெய்சல்மேரில் மே, ஜூன் பகல் சாதாரணமாகவே 41, 42 டிகிரி. அதே வட்டாரத்தில் உள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. நமக்கு மே மாதத்தில் ரெண்டு நாள் காய்ந்தால் மூணாம் நாள் சாயங்காலம் இடி இடித்து ஒரு கோடைமழை வந்து ஆற்றிவிட்டுப் போகும். அங்கே சாயங்காலம் வருவது 'ஆந்தி' என்கிற புழுதிப்புயல். பகலில் வீசும் அனல்காற்றுக்கு 'லூ' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். ஒதுங்க ஒரு புளியமரம் கிடையாது. ஆக, மே வேண்டாம். வேறு எந்த மாதம் என்பதை எப்படி முடிவு செய்வது என்று பார்ப்போம்.

முதலில் தண்ணீர்க் கணக்கு

புதிதாகக் கிளம்புகிறவர்கள் "என்னால் எவ்வளவு வெயில் தாங்க முடியும்" என்று யோசிக்கிறார்கள். அதைவிட உபயோகமான கேள்வி, "எவ்வளவு தண்ணீர் தூக்க முடியும்" என்பது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. பகல் 25 டிகிரி இருக்கும் குளிர்கால நாளில் மூட்டையோடு நடப்பவருக்குக் குடிக்க நாலு லிட்டர், சமைக்க ஒன்று என்று ஐந்து லிட்டரில் ஒரு நாளை ஓட்டிவிடலாம். 42 டிகிரியில் நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வியர்வையாகவே போகும். ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்பது அப்போது ஆடம்பரம் இல்லை. இரண்டு நாள் தண்ணீர் கிடைக்காத பகுதியைக் கடக்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில் பத்து கிலோ, கோடையில் இருபது. வீட்டுக்குத் தண்ணீர் போடுகிறவர் தோளில் வைத்து மாடிப்படி ஏறுவாரே, அந்தக் கேன் ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டு, அதற்கு மேல் கூடாரம், சாப்பாடு, துணி எல்லாம் சேர்த்து மணலில் நடக்கிற கதை. கால் புதையும் மணலில் நடக்கச் செலவாகும் சக்தி கெட்டித் தரையில் ஆவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சுமை கூடினால் வியர்வை கூடும், வியர்வை கூடினால் தண்ணீர் இன்னும் வேண்டும். கோடையில் இந்தக் கணக்கு எங்கே போட்டாலும் உதைக்கும்.

ஒட்டகத்தில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போனால்? சுமை குறையும், வாஸ்தவம். ஆனால் உடம்புச் சூடு ஏறிப்போனால் ஒட்டகம் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்து ஆஸ்பத்திரி நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கலாம்.

நம்ம ஊர் காலண்டரைக் கழற்றி வையுங்கள்

ஐப்பசி, கார்த்திகை என்றால் அடைமழை என்று நம் மண்டையில் பதிந்திருக்கிறது. அதனால் நவம்பரில் வெளியூர்ப் பயணமா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். அங்கே கதை வேறு. மேற்கு ராஜஸ்தானுக்குத் தென்மேற்குப் பருவமழை ஜூலை முதல் பாதியில்தான் எட்டிப் பார்க்கும், செப்டம்பர் 17 வாக்கில் திரும்பத் தொடங்கிவிடும். நாட்டிலேயே பருவமழை முதலில் விடைபெறும் இடம் அதுதான். நமக்கு ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் வாக்கில் மழை. ஜெய்சல்மேருக்கு 200 மில்லிமீட்டருக்கும் கீழே. வடகிழக்குப் பருவமழை அந்தப் பக்கம் தலைகாட்டுவதே இல்லை. நாம் ஐப்பசியில் குடை பிடிக்கும்போது அங்கே வானம் துடைத்து விட்டமாதிரி கிடக்கும்.

இன்னொரு குழப்பம் இணையத்திலிருந்து வருகிறது. "பாலைவன நடை, ஏப்ரல் நடுவில் தொடங்குங்கள்" என்று ஆங்கிலத்தில் எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கும். அது அமெரிக்காவின் பசிபிக் கிரெஸ்ட் பாதைக்காரர்கள் எழுதுவது. மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா வரை 4,265 கிலோமீட்டர். தெற்கே முதல் 1,100 கிலோமீட்டர்தான் பாலைவனம், அதைத் தாண்டினால் சியரா நெவாடா மலை. சீக்கிரம் கிளம்பினால் அந்த மலையில் பனி உருகியிருக்காது. தாமதித்தால் பாலைவனம் கொதிக்கும், கடைசியில் கனடா எல்லையைத் தொடும்போது அடுத்த பனி விழத் தொடங்கிவிடும். இந்த நெருக்கடியில் கண்டுபிடித்த சந்துதான் ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கம். தாரில் ஏப்ரல் பகல் 39 வாக்கில் இருக்கும். அந்த ஏப்ரலை இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

அதே கட்டுரைகளில் சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசெஞ்சர் வாங்கச் சொல்வார்கள். இந்தியாவில் முறையான அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பது குற்றம். எல்லை மாவட்டத்தில் பையில் அது அகப்பட்டால் நடைப்பயணம் காவல் நிலையத்தில் முடியும்.

மாதம் மாதமாக

அக்டோபர். பகல் இன்னும் 36ஐ ஒட்டி இருக்கும். மழை முடிந்த கையோடு என்பதால் குட்டைகளில் தண்ணீர் நிற்கும், பச்சையும் கொஞ்சம் இருக்கும், புகைப்படத்துக்கு அருமை. ஆனால் கொசுவும் அப்போதுதான், மலேரியாவும் உண்டு. 1994இல் மேற்கு ராஜஸ்தானைப் பெரிய மலேரியா அலை ஒன்று தாக்கியது, அதுவும் நல்ல மழைக்குப் பிறகுதான். சுருட்டை விரியன் நம் பாறைக்காட்டிலும் உண்டு, அங்கேயும் உண்டு. கதகதப்பான இரவுகளில் வெளியே திரியும். இதையெல்லாம்விட நடப்பவரைத் தினமும் படுத்துவது 'பரூட்' என்கிற புல். முற்றிய விதையில் சின்னச் சின்ன முள் இருக்கும். காலுறையில் ஏறினால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும், பிடுங்கும்போது விரலில் குத்தி ஒடிந்துகொள்ளும். பருத்திக் காலுறையில் கொத்துக் கொத்தாக ஒட்டும். வழவழப்பான நைலான் பேன்ட்டைக் காலுறைக்கு மேலே இறக்கி விட்டுக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

கார்த்திகை, அதாவது நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை. முதல்முறை போகிறவர்களுக்கு என் தேர்வு இதுதான். பகல் 30ஐ ஒட்டித் தொடங்கிப் படிப்படியாக 25க்கு இறங்கும். இரவு 15இலிருந்து 10க்கு வரும். பகல் முழுக்க நடக்கலாம், மதியம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். மழைக்காலத் தண்ணீர் சில குட்டைகளில் இன்னும் மிச்சமிருக்கும். விடுதிகளில் கூட்டம் தொடங்கியிருந்தாலும் விலை உச்சத்துக்குப் போயிருக்காது. நவம்பர் கடைசி வாரத்தில் கிளம்புவது எல்லாவற்றுக்கும் நடுவான கணக்கு.

மார்கழியும் தையும். குளிர்தான் இங்கே எதிரி. ஜனவரியில் இரவு சராசரி எட்டு டிகிரி பக்கம் என்று படித்துவிட்டு, "சரி, ஏற்காடு மாதிரிதானே" என்று போர்வையோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். சராசரி என்றால் ஏறக்குறையப் பாதி இரவுகள் அதற்கும் கீழே என்று பொருள். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாட்களில் ஐந்துக்குக் கீழே போகும், சில இரவுகளில் பூஜ்யத்தை நெருங்கும். மணல் பகலில் வாங்கிய சூட்டை இருட்டியதும் விட்டுவிடும். மூடிவைக்க மேகமும் இல்லை, காற்றில் ஈரமும் இல்லை. இடையில் மேற்கத்திய இடையூறு என்று வானிலைக்காரர்கள் சொல்லும் மேகக்கூட்டம் வந்து ஒரு நாள் தூறிவிட்டுப் போனால், அதற்கு அடுத்த இரண்டு மூன்று இரவுகள்தான் மிக மோசம்.

இன்னொன்று, வெளிச்சம். ஜெய்சல்மேர் நமக்கு மேற்கேயும் வடக்கேயும் வெகுதூரத்தில் இருப்பதால் டிசம்பர் கடைசியில் சூரியன் ஏழரை மணிக்குத்தான் தலைகாட்டும். ஆறு மணிக்குள் மறைந்துவிடும். நம்ம ஊரில் ஆறு மணிக்கெல்லாம் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிக்கும் மாதத்தில், அங்கே ஏழு மணிக்கும் டார்ச் வேண்டும். பத்தரை மணி நேரப் பகலில் கூடாரம் பிரிக்க, சமைக்க, தண்ணீர் தேட எல்லாம் போக நடக்க மிஞ்சுவது ஆறு, ஏழு மணி நேரம். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர் என்று திட்டம் போட்டுக்கொண்டு போகாதீர்கள். 18, 20 போதும்.

பொங்கல் விடுமுறையில் போக நினைப்பவர்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டு போனால் தப்பில்லை. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சுற்றுலாக்காரர்கள் குவியும் 'சாம்' என்கிற ஊரின் மணல்மேட்டைச் சுற்றிக் கூடாரமும் ஜீப்பும் பாட்டுக் கச்சேரியுமாக இருக்கும். உங்களுக்கு வழிகாட்ட வேண்டிய ஒட்டகக்காரர் சுற்றுலாக்காரர்களை அரைமணி நேரச் சவாரிக்கு ஏற்றி அதைவிட நன்றாகச் சம்பாதிப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. தை, மாசி பௌர்ணமியை ஒட்டி வரும் ஜெய்சல்மேர் பாலைவனத் திருவிழாவின்போதும் இதே கதைதான்.

பிப்ரவரி. முதல் மூன்று வாரம் அழகான காலம். பகல் 27, இரவு 11 வாக்கில். பகலும் நீண்டிருக்கும். கனத்த தூக்கப் பை (ஸ்லீப்பிங் பேக்) வாங்கக் காசில்லாதவர்களுக்கு ஏற்ற மாதம் என்றுகூடச் சொல்வேன். ஒரே குறை, மழைத் தண்ணீர் பெரும்பாலும் வற்றியிருக்கும். கிராமத்துக்குக் கிராமம் தண்ணீர் பிடிக்கிற மாதிரிப் பாதையை வளைக்க வேண்டும். ஹோலி நெருங்கினால் காற்று எழும். மார்ச்சில் பகல் 33. அதற்கப்புறம் கடையை மூடிவிடலாம்.

ஆகஸ்ட், செப்டம்பரில் பொக்ரான் பக்கம் ராம்தேவ்ரா கோயிலுக்குப் பக்தர்கள் ஆயிரக்கணக்கில் நடந்து போகிறார்களே என்று கேட்கலாம். போகிறார்கள். நம் பழனிப் பாதயாத்திரை மாதிரி சாலையோரம் நெடுக அன்னதானமும் தண்ணீர்ப் பந்தலும் இருக்கும். அவர்கள் முதுகில் மூட்டை கிடையாது. அந்தத் துணையில்லாமல் அந்த மாதத்தில் நீங்கள் நடக்க முடியாது.

தண்ணீரின் தரமும் மாதத்தோடு மாறும்

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஃபுளோரைடு பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போர் தண்ணீர் குடித்துப் பல்லில் கறை ஏறியவர்களைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். தாரில் பல இடங்களில் நிலத்தடி நீருக்கு அதே வியாதி, கூடவே உப்பும். அங்கத்து மக்கள் மழைநீரை 'டாங்கா' என்கிற மூடிய நிலத்தொட்டியில் சேர்த்து வைத்துக் குடிக்கிறார்கள். மழை முடிந்த சில மாதங்களில் அதில் நிறைய இருக்கும், பிப்ரவரி வாக்கில் குறைந்துவிடும். அது ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சேமிப்பு. கேட்காமல் வாளி விடக் கூடாது. கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

காய்ச்சினால் கிருமி சாகும், உப்பும் ஃபுளோரைடும் போகாது, ஆவியாகும் அளவுக்கு இன்னும் செறிவுதான் கூடும். உறிஞ்சுகுழாய் மாதிரி விற்கும் வடிகட்டிகளும் அதை எடுக்காது. ஒரு வாரம் குடித்தால் பல் கறையாகிவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் உப்புத் தண்ணீர் தாகத்தைக் கூட்டும், வயிற்றைக் கலக்கும். முடிந்த இடத்தில் மழைநீர் அல்லது கால்வாய்க் குழாய்த் தண்ணீர் வாங்குங்கள்.

குளிர்காலத்தில் தாகமே எடுக்காது என்பதும் ஒரு ஆபத்து. காற்று வறட்சி வியர்வையைத் தெரியாமலே உறிஞ்சிவிடும். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடிப்பது போதவில்லை என்று பொருள்.

பயிற்சி எப்போது, எங்கே

கார்த்திகையில் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். ஆடியில் நடக்கத் தொடங்குங்கள். காலை ஐந்துக்குக் கிளம்பி ஒன்பது, பத்துக்குள் முடியுங்கள். முதல் வாரம் பையில் மூன்று லிட்டர் தண்ணீர், பிறகு வாரம் ஒரு லிட்டராகக் கூட்டுங்கள். வீட்டுக்கு வந்து செடிக்கு ஊற்றிவிடலாம். ஆடிக்காற்று அடிக்கும்போது வெட்டவெளியில் அடுப்புப் பற்றவைத்து ஒரு கஞ்சி காய்ச்சிப் பாருங்கள், அங்கே காற்றில் எவ்வளவு எரிவாயு வீணாகும் என்பது புரியும்.

மணலில் நடந்து பழக அனுமந்தீர்த்தம் போலத் தென்பெண்ணையை ஒட்டிய ஊர்களில் மணல் திட்டு இருக்கிறதா பாருங்கள். கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்களா என்று விசாரிக்காமல் ஆற்றுக்குள் இறங்காதீர்கள். மழைக்காலத்தில் அது சும்மா இருக்காது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் ஆசை காட்டும். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. கேழ்வரகு அறுவடை நெருங்கும் மாதங்களில் பன்னேர்கட்டா பக்கத்திலிருந்து யானைக்கூட்டம் இறங்கும். விடிகாலை இருட்டில் அந்தப் பக்கத்துச் சாலையோரம்கூட நடக்காமல் இருப்பது நல்லது. ஏரிக்கரை, ஊர்ச்சாலை போதும்.

தூக்கப் பையைச் சோதிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குக் குளிர் மார்கழியில்தான், பயணமோ அதற்கு முந்தி. அதனால் முந்தைய மார்கழியிலேயே யாரிடமாவது பை வாங்கித் தளி பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். தருமபுரி மொட்டை மாடி உதவாது, அங்கே ஒரு கம்பளி போதும். தளியிலேயே விடியற்காலம் முழங்காலை மடக்கிக்கொண்டு எழுந்தால் அந்தப் பை ஜெய்சல்மேருக்கு ஆகாது. வாங்கும்போது உறையில் 'கம்ஃபர்ட்' (நிம்மதியாகத் தூங்க முடிகிற குளிர்), 'லிமிட்' (தாங்கக்கூடிய எல்லை) என்று இரண்டு டிகிரி எண் போட்டிருக்கும். முதலாவதை மட்டும் பாருங்கள். டிசம்பர், ஜனவரிக்கு அது பூஜ்யத்தை ஒட்டியும், நவம்பர், பிப்ரவரிக்கு ஐந்தை ஒட்டியும் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு நமக்கு அங்கே அந்நியம் இல்லை. கம்பு விளைகிற சீமை அது. குளிர்காலத்தில் கம்பு ரொட்டியில் நெய்யும் வெல்லமும் வைத்துத் தருவார்கள், இருபது கிலோமீட்டர் நடந்தவனுக்கு அது போதும். மரம், செடிகளில் வன்னியும் எருக்கும் தெரிந்த முகங்கள்.

தேதி குறிப்பது

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. நவம்பர் 25 ரயிலுக்குச் செப்டம்பர் கடைசி வாரம் உட்கார வேண்டும். பெங்களூரிலிருந்து ஜோத்பூருக்கு நேரடி ரயில் உண்டு, ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது வசதி. ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் ஐந்து, ஆறு மணி நேரம். தீபாவளியை ஒட்டிய வாரத்தில் வடக்கே போகும் ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம், காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். கானமயில் வாழும் பாலைவனத் தேசியப் பூங்கா வழியாகப் போவதானால் வனத்துறை அனுமதி வேண்டும். பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பகுதிகளுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். எல்லையில் பதற்றம் இருந்தால் எந்த மாதமானாலும் போக வேண்டாம். முதல்முறை ஜெய்சல்மேர் அருகே குரி என்கிற ஊரின் பக்கத்துக் கிராமங்களில் உள்ளூர்க்காரர் ஒருவரோடு நான்கு நாள் நடந்தால் போதும்.

வேறு பாலைவனம் மனதில் இருந்தால் இந்த மாதங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குஜராத்தின் உப்புப் பாலைவனமான கட்ச் ரண் மழைக்காலத்தில் தண்ணீருக்கடியில் கிடக்கும், உப்புத் தரை காய்ந்து கெட்டியாக டிசம்பர் ஆகிவிடும். லடாக் குளிர்ப்பாலைவனம் தலைகீழ்: ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். லே நகரமே 3,500 மீட்டர் உயரம், முதல் இரண்டு மூன்று நாள் சும்மா உட்கார்ந்து உடம்பைப் பழக்க வேண்டும். மழையே இல்லாத ஊர் என்று ஓடைப் படுகையில் கூடாரம் போடக் கூடாது. 2010 ஆகஸ்டில் ஒரே இரவில் கொட்டிய மழையில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பிருந்து இந்திய வானிலை ஆய்வு மையத்தின் ஜெய்சல்மேர் முன்னறிவிப்பைத் தினமும் பாருங்கள். பகல் உச்சத்தை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் இரவின் குறைந்தபட்சத்தையும் காற்றின் வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பகல் 36க்கு மேலே என்றால் நடையைப் பாதியாகக் குறையுங்கள், 38க்கு மேலே என்றால் ஒத்திப் போடுங்கள். இரவு உங்கள் பையின் எண்ணுக்குக் கீழே இறங்கும் என்று தெரிந்தால் ஜெய்சல்மேரிலேயே இரண்டு நாள் தங்கிக் கோட்டையைச் சுற்றிப் பாருங்கள். குளிர்காற்று ஓய்ந்ததும் நடக்கத் தொடங்கலாம். இதற்காகவே திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போட்டு வையுங்கள்.